அம்மாவை எந்தப் பக்கம் எழுதுவது?

அனந்தபுரம்
12.3.2012

அன்புள்ள தம்பி வெங்கடாசலத்துக்கு, அக்கா பாஞ்சாலி எழுதுவது. இங்கு நானும் என் முட்டிவலியும் நலம். திருவாமாத்தூரில் நீயும் உன் மனைவியும் கறவை மாடுகளும் நலமாய் இருக்க அபிராமேஸ்வரர் துணை நிற்பாராக. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

என் மகன் செல்வகுமாருக்கும் மருமகள் பானுப்ரியாவுக்கும் விவாகரத்து ஆன மறுவாரம், திண்டிவனம் வீட்டில் சாமான் பிரிக்க நீ பெரிய மனுஷனாக வந்தாய். கறிச்சோறு தின்றாய், மல்லாட்டை உரித்துக் கொறித்தாய், விவாகரத்து ஆனவர்களை அனுசரித்துப் போகச் சொல்லிப் புத்தி சொன்னாய், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டே. அப்புறம் நடந்த கூத்தை நீ பாக்கலை. அதனாலதான் செல்வகுமாரைத் தங்கமான பையன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறே.

அந்தத் தங்கம் என்ன பண்ணிச்சு தெரியுமா? பானு ராப்பகலா ஜாக்கெட் தைச்சி வாங்கின பிரிட்ஜு, கிரைண்டரு, டிவி எல்லாத்தையும், கடையிலிருந்து தூக்கியாந்தவன் நான்தானேன்னு தன் பங்குல எழுதிக்கிச்சு. தூக்கியாந்தவனுக்கே சொந்தம்னா ஊருல இருக்கிற சாமான் பூரா மூட்டை தூக்கறவங்களோடதுதான். பானு தையல் மிஷினை மட்டும் வாசல்ல வெச்சிக்கினு நின்னா. வக்கீல் குமாஸ்தா நடராசன் அவனுது ஒரு பக்கம், அவளுது ஒரு பக்கம்னு எழுதிக்கினே வந்தாரு. இவன் சும்மா இருந்தானா? ஃபேனும் தனக்குத்தான்னு ஸ்டூல் போட்டு ஏறி, தானே கழட்டி, கை நழுவி, அது நேரா அவன் பங்கு டிவி மேலேயே விழுந்துச்சு. உடனே உடைஞ்ச டிவி அவளுக்கு, ஃபேன் தனக்குன்னு மாத்தி எழுதச் சொல்றான். இதைத்தான் நான் பத்து மாசம் சுமந்தேன்.

கடைசியா குமாஸ்தா என்னைப் பாத்து, "அம்மாவை எந்தப் பக்கம் எழுதறதுங்க?"ன்னாரு. கிரைண்டருக்கும் பீரோவுக்கும் நடுவுல நான் உக்காந்திருந்தேன், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. செல்வகுமார் யோசிக்கக்கூட இல்லை.

"அவளே வெச்சிக்கட்டும். மாத்திரை செலவை யாரு பாக்கறது?"

பானுதான், "அவங்க சாமான் இல்லைங்க. எங்க இருக்கணும்னு அத்தையைக் கேளுங்க"ன்னா. நான் உள்ள போயி என் புடவைங்களை ஒரு பையில போட்டுக்கினு வந்து, தையல் மிஷின் பக்கத்துல நின்னுக்கினேன்.

பானுவோட சாமான் ஏத்தின வண்டி கிளம்பறப்பதான் கேஸ் கனெக்ஷன் என் பேர்ல இருக்குதுன்னு குமாஸ்தா சொன்னாரு. சிலிண்டரையும் அடுப்பையும் ஏத்தச் சொன்னேன். உன் மருமவனுக்கு அப்பதான் பாசம் பொத்துக்கினு வந்துச்சு. நீ இல்லாம எப்படிம்மா சாப்பிடுவேன்னு வண்டி பின்னாலேயே வர்றான். கண்ணு பூரா சிலிண்டர் மேல. ஃபேனைப் போட்டுக்கினு காத்து வாங்குடான்னு சொல்லிட்டு நான் திரும்பிக்கூட பாக்கலை.

இப்ப அனந்தபுரத்துல பானுவோட வாடகை வீட்டுல இருக்கேன். அவ தைக்கிறா, நான் கொக்கி வெச்சித் தர்றேன். நீ அவனுக்கு வக்காலத்து வாங்கிக்கினு இந்த வாசப்படியை மிதிக்காதே. எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லவே இல்லை.

மற்றபடி உன் குடும்பம் தழைக்கவும் மாடுகள் குறைவின்றிக் கறக்கவும் வாழ்த்தும்,
அக்கா பாஞ்சாலி

பி.கு.: தபால் தலை வாங்க ஆளில்லாம இந்த லட்டர் அரிசி டின்னு மேலேயே கிடந்துச்சு. அதுக்குள்ள பானுவுக்கு ஒரு நல்ல இடம் அமைஞ்சிருக்குது. மாப்பிள்ளை செஞ்சியில பஸ் கண்டக்டரு. அவங்கம்மாவுக்குப் பேச்சுத் துணைக்கு என்னையும் கூட்டிக்கினு வரச் சொல்றாங்க. பெத்தவங்க இல்லாத பொண்ணு, நான்தான் பொண்ணுக்கு அம்மா. மேல எழுதினதையெல்லாம் மறந்துட்டு, வைகாசி முகூர்த்தத்துக்கு நீ ஜல்தியா வந்து தாய்மாமனா நில்லு. சீருன்னு சாமான் எதுவும் கொண்டாராதே. மறுபடி பிரிக்கறதுன்னா பேஜாரு.