பொன்னுருக்கின பிறகு போர்ட் சைட்டில்

சிட்னி,
ஆவணி 1976

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அரியரத்தினம் அவர்களுக்கு,

இங்கு நலம். யாழ்ப்பாணத்தில் தாங்கள் அனைவரும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

தலைபோகிற விஷயம். என் மகன் இந்திரகுமார் கப்பல் வேலை முடிந்து வந்திறங்கிய மறுநாளே இங்கே முகூர்த்தம் என்பதால், அவன் புறப்படுமுன்பே தாலிக்குப் பவுண் உருக்குகிற பொன்னுருக்கலை முடித்துவிட்டேன். சிட்னியில் நகை செய்யிற பத்தருக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர் வெல்டிங் சாமான்களோடு வந்து, சிலுவைக்குறி போட்டுவிட்டு, பவுணை உருக்கித் தந்தார். அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அவரிடம் குடுத்தது என் மனைவி சிவனேஸ்வரி. குசினி மேசை லாச்சியை இழுக்கிற பித்தளைப் பிடியும் அன்றிலிருந்து காணோம். இந்த வீட்டில் வைத்தது வைத்த இடத்தில் இருந்தால்தானே.

பொன்னுருக்கினால் தாலி ஏறும்வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் முகம் பார்க்கக் கூடாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அவன் கடலில், தங்கள் மகள் சந்திரகலா லண்டனில், என்ன பயம் என்று இருந்தேன். சூயஸ் கால்வாயை மறுபடி திறந்ததும் திறந்தார்கள், அவன்ரை கப்பல் புரொபெல்லர் உடைந்து கால்வாய் வாசலில் போர்ட் சைட்டில் போய்ப் படுத்துவிட்டது. காலங்காலமாக உலகத்துக் கப்பலெல்லாம் திருத்தின துறைமுகமாம், திருத்தட்டும். ஆனால் தங்கள் பிள்ளை சந்திரகலா சிட்னிக்கு வாற கப்பலும் எஞ்சின் பழுதாகி அவனுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்குது. அங்கே ஆள் பற்றாதென்று அதைத் திருத்த அவனையே அனுப்பியிருக்கினமாம். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் திருத்த ஏலாது அப்பா என்று எழுதுகிறான்.

ஆகவே பிள்ளைக்கு உடனே தந்தி அடியுங்கோ. கப்பல் அறையை விட்டு அசையவேண்டாம், சாப்பாடும் அங்கேயே எடுக்கட்டும். அவன் கெட்டிக்காரன், கப்பலைத் திருத்திப்போடுவான். கலியாணமும் வடிவாய் நடக்கும் என்று மனம் சொல்லுது. ஆனாலும் என்ரை அவசரத்தால் இதுகளின் வாழ்வுக்கு ஒரு குறை வந்திடுமோ என்றுதான் நெஞ்சு பதறுது.

தங்கள் பாரியாருக்கு எங்கள் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் உரித்தாகுக.

தங்கள் அன்புள்ள,
க. வரதராஜா

பி.கு.: கடித உறையை ஒட்டுமுன் இதைச் சிவனேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். "இத்தாலிக்காரன் கருக்கிப்போடுவான் எண்டு பவுணை நான் குடுக்கேல்லை. அது அரிசி வாளிக்குள்ள கிடக்கு" என்றா. அன்று உருகியது லாச்சிப் பிடி. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கோ. ஆனால் தந்தி அடிக்கத்தான் வேணும்: பிள்ளை எஞ்சின் பக்கம் ஒருக்கால் போய் எட்டிப் பார்க்கட்டும். பாவம், அவனைப் படத்தில்தானே பார்த்திருக்கிறா.