கதவு மூடித்தான் இருக்கிறது

"சார், கதவு திறந்திருக்கு!" என்று கோ-பைலட் பெண் கத்தியபோது, விமானம் ஓடுபாதையில் பாதி வேகம் பிடித்திருந்தது.

கேப்டன் பிரேக்கை அழுத்தி மிதித்தார். பின்னால் கண்ணாடி டம்ளர்கள் உருண்டன. எழுந்து போய்ப் பார்த்தால், கதவு இறுக மூடித்தான் இருந்தது. பொய் சொன்னது எச்சரிக்கை விளக்கு.

அதுவும் இன்றைக்கா? உள்ளே, விமானத்தை விலைபேச வந்த ஜவுளி வியாபாரியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே முதலாளி, ஒட்டவைத்த சிரிப்போடு. "இது வித்தாதான் உனக்கு வேலை. இல்லேன்னா வேற இடம் பாத்துக்க" என்று காலையிலேயே கேப்டனிடம் சொல்லியிருந்தார்.

மெக்கானிக் வந்தார். கதவோரத்து சுவிட்சைத் துணியால் துடைத்தார். "வெறும் தூசி சார். தைரியமா போங்க."

தைரியமாகப் போனார்கள். இந்த முறை விளக்கோடு மணியும் அடித்தது. மறுபடி பிரேக். முதலாளியின் சட்டையெல்லாம் ஆரஞ்சு ஜூஸ்.

"ஒயர்ல கோளாறு. மாத்திட்டேன்" என்றார் மெக்கானிக். பிரேக் சூடு ஆறும்வரை காத்திருந்து கிளம்பினார்கள்.

எந்த ஒயரை எங்கே மாட்டினாரோ, வேகம் எடுத்ததும் விளக்கு எரிந்தது, மணி அடித்தது, கூடவே ஒரு எந்திரக் குரல், "நெருப்பு! நெருப்பு!" என்று அலறியது.

நின்றதும் தீயணைப்பு வண்டி பாய்ந்து வந்தது. "ஒண்ணுமில்லைங்க, வேண்டாங்க!" என்று கேப்டன் ஜன்னலில் கையை ஆட்டினார். உதவிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக நுரையை அடித்தார்கள்.

"பொய்னு தெரிஞ்சும் ஏன்யா நிறுத்தித் தொலைக்கிறே?" கீழே இறங்கிய முதலாளி பல்லைக் கடித்தார்.

"பொய்யான்னு நின்னு பாத்தாதானே சார் தெரியும்? உள்ள நாலு உசுரு இருக்கே."

"இனி உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். வேலை போனாலும் செய்தது சரிதான் என்று மனசு லேசாக இருந்தது.

நுரையில் வழுக்காமல் வியாபாரி மெல்ல இறங்கினார். முதலாளி ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். "மன்னிச்சுக்குங்க, வேற ஒண்ணு காட்டுறேன்..."

"வேற எதுக்குண்ணே?" என்றார், அதுவரை வாயே திறக்காத வியாபாரியின் மனைவி. "இதையே கேப்டனோட சேத்து எடுத்துக்கறோம். எங்க வீட்டுக்காரருக்குச் சொந்த விமானம்னா உசுரு, மேல போறதுன்னாதான் பயம். இதுவரைக்கும் பாத்ததெல்லாம் பறந்து தொலைச்சுது!"