கோர் பாயின் வெள்ளிக்கிழமை

கம்ப்யூட்டரைத் திட்டியே வேலை வாங்கிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் கோர் பாய்தான். அருப்புக்கோட்டை பந்தல்குடி ரோட்டில் அவருக்கு ரிப்பேர் கடை. ஒட்டினாற்போல் என் ஜெராக்ஸ் கடை. அவர் திட்டுவது தங்களைத்தான் என்று நினைத்து, என் வாடிக்கையாளர்கள் பாதி நகலோடு ஓடியிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்குள் வேலை பார்க்கிற பகுதிதான் கோர்; புது ரகத்தில் பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு வகை. பெரியது வேகம், கரண்டைத் தின்னும். சின்னது சிக்கனம்; மெதுவாகத்தான் ஓடும். எந்த வேலை எதற்கு என்று சிஸ்டமே பிரித்துக் கொடுக்கும். பாய்க்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது.

"மேஸ்திரி சரியில்ல அண்ணாச்சி. சித்தாளைக் கொத்து வேலைக்கு நிப்பாட்டுறான், கொத்தனாரை டீ வாங்க அனுப்புறான். பெறகு கேமு திக்காம என்ன செய்யும்?"

ஆகவே யார் வந்தாலும் கேமைப் பெரிய கோர்களில் பூட்டுவார்; மற்ற எல்லாவற்றையும் ஒரே ஒரு சின்ன கோரில் அடைப்பார். திருச்சுழி கிளார்க் ஒருவர், "பாய், ஆன்டிவைரஸு..." என்று வாயெடுத்தார்.

"அதுக்கு சோபா செட்டா போடணும்? மூலைல கெடக்கட்டும் சார்!"

வெள்ளிக்கிழமை மட்டும் ஆள் அடங்கிவிடுவார். ஜும்மா தொழுகை முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சவூதியில் கிரேன் ஓட்டும் தம்பி ரியாஸோடு துப்பாக்கிச் சண்டை விளையாடுவார். வீட்டைப் பிரிப்பதில் தகராறு. ஐந்து வருஷமாகத் தம்பி போனை எடுப்பதில்லை. கேமுக்குள் மட்டும் பேசுவான். அதுவும் "அண்ணே, குனி", "அண்ணே, ஓடு" அவ்வளவுதான். பாய்க்கு அது போதும்.

அதற்காகவே புது ரக கம்ப்யூட்டர் வாங்கினார். கேம் பிரமாதமாக ஓடியது. தம்பி குரல்தான் கரகரவென்று அறுந்து அறுந்து வந்தது. மூன்று வாரம் கேபிளைத் திட்டினார், மோடத்தைத் திட்டினார், சவூதியையே திட்டினார். கடைசியில் பார்த்தால், வழக்கம்போல் எல்லாவற்றையும் அந்தச் சின்ன கோரில் அடைத்தபோது, குரல் வருகிற செயலியையும் சேர்த்து அடைத்திருக்கிறார், மனுஷன்!

அன்றே தலைகீழாக மாற்றினார். பெரிய கோரெல்லாம் தம்பி குரலுக்கு, கேமுக்குச் சின்னது. கேம் நொண்டியது. நிமிஷத்துக்கு ஒருமுறை சுடப்பட்டுச் செத்தார்.

"என்னண்ணே, இப்பிடிச் சாவுற!" ஸ்பீக்கரில் தம்பி சிரித்தது என் கடைவரை கேட்டது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுபடியும் செத்தார்.

"பெருநாளைக்கு வாரேண்ணே" என்றான் ரியாஸ்.

வரவில்லை. பெருநாளுக்குப் பத்து நாள் முன்னால் கிரேன் சாய்ந்துவிட்டது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பாய் முகம்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் ஷட்டர் பாதி இறங்கியது. எட்டிப் பார்த்தேன். கேமுக்குள் நடுரோட்டில், சுடாமல், ஓடாமல் நின்றுகொண்டிருந்தார். குனிந்து உள்ளே போய், பக்கத்திலிருந்த இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"நடக்குறதுக்கு எதை அமுக்கணும் பாய்?"

பாய் எட்டி, என் கீபோர்டில் ஒரு பொத்தானைத் தொட்டுக் காட்டினார்.

"டபிள்யூவ அமுக்குங்க அண்ணாச்சி. மெதுவா வாங்க. நான் நிக்கிறேன்."

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கடையில் ஜெராக்ஸ் கிடையாது.