ஜன்னலைத் தொடாதே

முன்னாள் மாணவர் என்று ஓர் இனம் உண்டு. படிக்கிற காலத்தில் மணி அடிக்கும் முன்பே ஓடியவர். இப்போது விரட்டினாலும் போகாதவர். எங்கள் ஊர்க் கருங்கல் பள்ளிக்கூடத்துக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி. பிள்ளைகளுக்கு அவர் 'கல்லு மாமா'.

வெளியூரார் யாராவது சிக்கினால் போதும். வாசல் வளைவில் நிறுத்தி, கல்லைக் கல்லோடு கோத்த விதம், சுண்ணாம்புக் காரையின் பக்குவம், இரண்டு முழத் தடிமன் சுவர் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வந்தவருடைய பஸ் போய்விடும். கட்டடத்தின் வயதும் தடவைக்குத் தடவை ஏறும்.

"போன மாசம் நூத்தி இருபது வருஷம்னீங்களே?"

"ஆராய்ச்சி நடந்துட்டிருக்குல்ல?"

ஆராய்பவர் யார்? அவரேதான்.

புதிதாக வந்த தலைமையாசிரியை மூன்றாம் வகுப்பு ஜன்னலைப் பெரிதாக்க ஏற்பாடு செய்தார். ஜன்னல் என்பது மரியாதைக்கு; தலைக்கு மேல் ஒரு பொந்து. இருட்டில் கரும்பலகை தெரியாமல் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத, அது அதற்கடுத்ததைப் பார்த்து எழுத, வகுப்பு முழுவதும் ஒரே தப்பு.

கல்லு மாமா கொத்தனாரை மறித்து நின்றார். "என்னைத் தாண்டித்தான் உளி போகணும்! ஜன்னலை ஏன் உயரத்துல வெச்சான்? பசங்க வேடிக்கை பாக்கக் கூடாதுன்னு. கலை, டீச்சர், கலை!"

"பிள்ளைங்க கண்ணு கெட்டுப்போகுது சார்."

"கண்ணாடி போட்டுக்கலாம். போன கல்லு வருமா?"

கொத்தனார் திரும்பிப் போனார். தலைமையாசிரியை சண்டைக்கு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தின் வரலாற்றைப் பற்றி அதே அறையில் பேச வரும்படி அவரை அழைத்தார்.

மாமா சலவைச் சட்டையோடு வந்தார். எழுதி வந்த உரையைப் பிரித்தார். மூக்கருகே கொண்டுபோனார், எட்டப் பிடித்தார், பொந்துக்கு நேராகத் தூக்கினார். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. முன்வரிசைச் சிறுமிக்கு மனசு தாங்கவில்லை.

"பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்துப் படிங்க மாமா."

வகுப்பு சிரித்தது. கல்லு மாமாவுக்கு முகம் சிவந்தது. அதுவும் யாருக்கும் தெரியவில்லை.

"இதென்ன டீச்சர், மனுஷன் இருக்கற இடமா? ஒரு ஜன்னல் வைக்கக் கூடாதா?"

"நீங்க சொன்னா சரி சார்."

மறுநாளே உளிச் சத்தம் கேட்டது. இப்போது அந்த அறையில் வெளிச்சம் கொட்டுகிறது. பிள்ளைகள் அவரவர் தப்பை அவரவரே செய்கிறார்கள். கல்லு மாமா வெளியூராரை முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறார்.

"பாத்தீங்களா, வெளிச்சத்துக்கு அந்தக் காலத்துலயே எப்படி யோசிச்சிருக்கான்!"

சிரிக்கிறீர்கள். நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு சுவரை இடிக்கப்போகிறார்கள் என்றால் உங்களுக்கும் பகீரென்று இருக்காதா? இருக்கட்டும், தப்பில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: உங்கள் பிள்ளையை அந்தப் பள்ளிக்கூடத்திலா சேர்த்திருக்கிறீர்கள்?