அத்தை அனுப்பிய தூக்கம்

பேரன்பும் பெருங்குரலும் உடைய அத்தைக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கவே வேண்டாம். தினமும் போனில் வரும் சத்தமே சாட்சி. இங்கே அம்மா நலம், நான் அடங்காத நலம், அப்பா மட்டும் அரை நலம்.

'ஒரே ரத்தம், எனக்குக் கேக்குற மாத்திரை என் தம்பிக்கும் கேக்கும்' என்று உங்கள் தூக்க மாத்திரையைப் புட்டியோடு பார்சலில் அனுப்பினீர்களே, அதில் ஒன்றை முழுங்கிய அப்பா மறுநாள் மத்தியானம்வரை எழவில்லை, எழுந்தும் தெளியாமல் தன் தையல் கடைக்குப் போய், தலைமையாசிரியர் சட்டைக் காலரை முதுகில் வைத்துத் தைத்து, "காத்து வாங்க வசதி சார்" என்று அவரிடமே விளக்கமும் சொல்ல, அம்மா வண்டியில் அள்ளிப் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார். ரத்தம் ஒன்றுதான் அத்தை, ஈரல் வேறு. அப்பாவின் கல்லீரல் பேருக்கேற்றபடி கல்லாகிக்கொண்டு வருகிறதாம். "மாத்திரையைச் சிதைச்சு வெளிய அனுப்புறது ஈரலோட வேலைம்மா. உங்க நாத்தனாருக்கு விடியறதுக்குள்ள அனுப்பிடும். இவருக்கு நேத்துப் போட்டதே உள்ள உக்காந்திருக்கும். அதுமேல இன்னைக்கும் போட்டா எழுப்பவே முடியாமப் போகலாம்" என்றார் டாக்டர். அதாவது, வந்த விருந்தாளியே கிளம்பவில்லை, அடுத்தவர் பெட்டியோடு வாசலில்.

சொன்னால் நீங்கள் கேட்டால்தானே. "ஈரலாவது கீரலாவது, ரெண்டாப் போடுடா, நான் பாக்கணும்" என்று ராத்திரிதோறும் வீடியோ காலில் காவல். அக்கா பேச்சைத் தட்டாத அப்பாவும் வாயைத் திறந்தார். அதனால் நான் புட்டியில் இருந்ததை என் ஜாமெட்ரி பாக்ஸில் கொட்டி ஒளித்துவிட்டு, புதினா மிட்டாயை நிரப்பி வைத்தேன். உங்கள் மாத்திரையே புதினா வாசனைதான் அடித்தது. பெரிய கம்பெனி போல. இப்போதும் அப்பா ரெண்டு போட்டுக்கொண்டு நன்றாகத்தான் குறட்டை விடுகிறார், காலரும் கழுத்துக்கே திரும்பிவிட்டது. அடுத்த பார்சலை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அப்பாவிடம் மூச்சு விடாதீர்கள்.

உங்கள் காலை வாராமல், பிடித்துக் கேட்டுக்கொள்ளும்,
வாலு

பி.கு.: அக்கா, தபாலில் போடச் சொல்லி வாலு இந்தக் கவரை என்னிடமே கொடுத்தது. தையல்காரன் கையில் கிடைத்ததைப் பிரிக்காமல் இருப்பானா? வாலு ஒளித்து வைத்திருப்பதும் மிட்டாய்தான். உன் மாத்திரையை டாக்டரைப் பார்த்த அன்றைக்கே அவரிடம் கொடுத்துவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. பார்சலை நிறுத்திவிடு. போனை நிறுத்தாதே. அந்தக் குறட்டை நடிப்பில்லை. நீ பேச ஆரம்பித்தாலே எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.