கில்பிராக் கிளப்பின் மாப்பிள்ளை

கதவைத் திறந்த வதனி, வாசலில் நின்ற மதனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஓ மை காட்! ஆர் உன்னை இந்த ஷர்ட்டைப் போடச் சொன்னது?"

மான்செஸ்டர் யுனைடெட்டின் சிவப்புச் சட்டை. முதுகில் நம்பர், நெஞ்சில் சின்னம், கழுத்தில் பிய்க்க மறந்த விலைச்சீட்டு. மூன்று மால் ஏறி இறங்கி வாங்கியது.

"கிட்டுசாமிதான். உங்கப்பா பதிமூணு வருசம் அயர்லாந்துல டாக்டரா இருந்தவரு, ஃபுட்பால்னா உசுரு, இதைப் போட்டுட்டுப் போனா மறுபேச்சு இல்லாம பொண்ணைக் குடுத்துருவாருன்னான்."

கிட்டுசாமி, மதனின் ரூம்மேட். அவன் யோசனையைக் கேட்டு மதன் ஏற்கெனவே டிரைவிங் டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயில். இருந்தும் கேட்கிறான். என்ன செய்ய, சில ஜென்மங்களைத் திருத்த முடியாது.

"அப்பாக்கு இங்கிலிஷ் டீம் எண்டாலே அலர்ஜி, மதன்! அவர் வேலை செய்த சின்ன ஊரிண்ட கிளப்தான் அவருக்கு உயிர். கில்பிராக் ரோவர்ஸ்."

"அப்படி ஒரு டீமா?"

"இதையும் அவரிட்டக் கேட்டுடாதே. ப்ளீஸ்."

மதன் நெஞ்சிலிருந்த சின்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டான். மறைக்காமல் என்ன செய்வான்? அடுத்த சனிக்கிழமை லண்டனிலிருந்து ஒரு மாப்பிள்ளை வதனியைப் பார்க்கப் பறந்து வருகிறான். அதற்குள் டாக்டர் அரியரட்ணத்திடம் சம்மதம் வாங்க அவனுக்குக் கிடைத்தது இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

வதனி அலமாரியைத் திறந்து, கையில் கிடைத்த பனிக்கால ஜாக்கெட்டை அவன்மேல் மாட்டி, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டாள். அன்று ஜூன் இருபது. அமெரிக்க ஊரான பார்சிப்பனியே வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

ஹாலில் டாக்டர் அரியரட்ணம் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வாரும் தம்பி, இரும். என்ன, குளிருதோ?"

"லைட்டாங்க அங்கிள்."

டாக்டர் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "நாடி நூற்றிருபது. காய்ச்சலோ?"

"இல்லீங்க அங்கிள். இது ஃபேஷனுங்க."

"இது என்ர ஜாக்கெட். கழட்டும்."

ஜிப் இறங்கியது. சிவப்பு தெரிந்தது. டாக்டரின் முகமும் அதே நிறத்துக்கு வந்தது.

"என்ன கோதாரி இது! என்ர வீட்டுக்குள்ள மான்செஸ்டரோ?"

"அங்கிள், அது வந்துங்க..."

"நான் கில்பிராக்கில கண்டனான் தம்பி. வெள்ளிக்கிழமை பின்னேரம் எண்டா ஊரே கப்பல் ஏறி இங்கிலாந்துக்கு மட்ச் பாக்கப் போயிடும். பேக்கரிக்காரன் போவான். பள்ளிக்கூடத்துப் பிரின்சிபால் போவான். பாதிரியாரும் போவார்! சொந்த ஊர்க் கிளப்பைப் பாக்க ஆர் மிச்சம்? முந்நூறு பேர்! கொட்டுற மழையில, ஓட்டைத் தகரக் கொட்டிலுக்குக் கீழ, ஆறின தேத்தண்ணியோட நாங்கள் முந்நூறு பேர்!"

இது கால் மணி நேரம் ஓடியது. மழை வந்தது, தகரம் வந்தது, தேத்தண்ணி மூன்று தடவை வந்தது. ஒரு கோலாவது வரும் என்று மதன் காத்திருந்தான். வரவில்லை.

"அங்கிள், சட்டை என்னோடது இல்லீங்க. ரூம்மேட்டோடது."

"பொம்பிளை கேட்டு வரேக்க இரவல் சட்டையோ?"

வதனி தரையைப் பார்த்தாள். மதன் சுவரைப் பார்த்தான். அங்கே ஒரு பழைய போட்டோ மாட்டியிருந்தது. சேறும் சகதியுமாகப் பதினொரு வெள்ளைக்காரர்கள், ஓரத்தில் கோட்டுப் போட்ட நம்மவர் ஒருவர். பேச்சை மாற்ற இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

"நீங்க அப்பவே செம ஸ்மார்ட்டுங்க அங்கிள்!"

"அது நான் இல்லை. என்ர மாமா. பத்மான்ர அப்பா. அந்தக் கிளப்புக்கு அவர்தான் டொக்டர்."

சமையலறைக்குள்ளிருந்து அவர் மனைவி பத்மராணி இருமுவது கேட்டது. சிரிப்பை அடக்கும் இருமல்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மதன் அந்த ரகம் இல்லை. ஒரு பொய் சரிந்தால் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்யைத் தேடுகிற ரகம்.

"உண்மையைச் சொல்லணும்னா அங்கிள், நானும் ரோவர்ஸ்தானுங்க. வாராவாரம் இன்டர்நெட்ல ஸ்கோர் பாத்துருவேன்."

டாக்டர் முகம் கொஞ்சம் இளகியது. "அப்பிடியோ? போன கிழமை என்ன முடிவு?"

"மூணுக்கு ஒண்ணுங்க. ஜெயிச்சுட்டோம்!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கிளப்பை மூடி ஆறு வருஷம். ஆள் வராமல் மூடினவை. மைதானத்தில இப்ப சூப்பர் மார்க்கெட் நிக்குது. ஆர் ஜெயிச்சது? காஷியரோ?"

வதனி கண்களை இறுக மூடிக்கொண்டாள். மதனுக்குக் கிட்டுசாமியை அந்த நிமிஷமே கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது.

"சரி, அதை விடும். உம்மட ஊர் எது?"

"கோபிங்க. கோபிசெட்டிபாளையம்."

"அங்க எந்தக் கிளப்?"

கோபியில் மதன் கண்டதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடக்கும் வாலிபால் மட்டுமே. அதைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். மூன்று நாளாகக் கிட்டுசாமி மனப்பாடம் செய்ய வைத்த வாய், தானாகத் திறந்துகொண்டது.

"கோபி யுனைடெட்டுங்க."

"யுனைடெட்டோ!" டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "போதும்! சொந்தமாய் ஒண்டுமில்லை. எல்லாரும் கும்பிடுறதை நீரும் கும்பிடுறீர். பக்கத்தில இருக்கிறதை விட்டுட்டுக் கடல் கடந்து இருக்கிறதுக்குப் பின்னால ஓடுற ஆக்களை எனக்குக் கண்ணிலயும் காட்டக்கூடாது!"

மதனுக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து வேர்த்து, திட்டு வாங்கி, அசிங்கப்பட்டாயிற்று. இனி இழக்க என்ன இருக்கிறது?

"அங்கிள், ஒரு நிமிசம். பக்கத்து கிளப்பை விட்டுட்டு இங்கிலாந்து டீம் பின்னாடி ஓடறது தப்புங்களா?"

"தப்பு! படு தப்பு!"

"அப்ப உங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி, இதே பார்சிப்பனியில நான் ஒருத்தன் இருக்கறப்ப, லண்டன்ல இருந்து எதுக்குங்க மாப்பிள்ளை?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. வதனி கண்ணைத் திறந்தாள். டாக்டர் உட்கார்ந்தார், தொண்டையைக் கனைத்தார், செய்தித்தாளைப் பிரித்தார், மடித்தார்.

"அது வேற, இது வேற."

"எப்படீங்க வேற?"

"அது விளங்கிறதுக்கு முதல்ல ஃபுட்போல் விளங்கவேணும். ஓஃப்சைட் எண்டா என்னெண்டு சொல்லும் பாப்பம். சரியாச் சொன்னீர் எண்டால் லண்டனுக்கு இப்பவே போன் எடுத்து, வரவேண்டாம் எண்டுறன்."

எந்த நம்பர் யாருக்கு, யார் எந்த வருஷம் சேர்ந்தார், போன மாதம் எந்தெந்தக் கோப்பையை வென்றார்கள் என்று அத்தனையும் சொல்லிக்கொடுத்த அந்தப் படுபாவி கிட்டுசாமி, இதை மட்டும் சொல்லித்தரவில்லை.

"தெரியாதுங்க," என்றான் மதன். ஃபுட்பாலைப் பற்றி அன்றைக்கு அவன் சொன்ன முதல் உண்மை அது.

"முடிஞ்சுது!" டாக்டர் கையைத் தட்டினார். "ஓஃப்சைட் தெரியாதவருக்கு என்ர பிள்ளை இல்லை."

"சரிங்க அங்கிள். போறதுக்கு முன்னாடி நீங்களாவது சொல்லிக் குடுங்க. தெரிஞ்சுட்டுப் போறேன்."

டாக்டர் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார். மேசையில் இருந்த பலகாரத் தட்டிலிருந்து இரண்டு ரோல்ஸை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். டம்ளரை அந்தப் பக்கம் வைத்தார்.

"இது கோல்கீப்பர் எண்டு வையும். இவர் இப்பிடி வரேக்க... இல்லை, அவர் அங்கால நிக்கேக்க... பந்து இஞ்ச... பொறும், பந்து இஞ்ச இல்லை..."

ரோல்ஸ் இரண்டும் நாலு தடவை இடம் மாறின. கடைசியில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

"பத்மா! தேத்தண்ணி எங்க? எவ்வளவு நேரம்!"

பத்மராணி வந்தார். ஒரு கையில் தேத்தண்ணித் தட்டு. மறு கையில் அந்துருண்டை வாசனையோடு, அங்கங்கே பூச்சி அரித்த பழைய சிவப்பு ஸ்கார்ஃப் ஒன்று. தட்டை மேசையில் வைத்தார். ஸ்கார்ஃபை மதனின் மடியில் வைத்தார். டாக்டர் அதைப் பார்த்ததும் ரோல்ஸை விழுங்க முடியாமல் திணறினார்.

"தம்பி, நீர் பயப்படாமல் தேத்தண்ணியைக் குடியும், லண்டனுக்கு நான் போன் எடுக்கிறன்," என்றார் பத்மராணி. "என்ர அப்பாட்டப் பொம்பிளை கேட்டு வந்த அண்டைக்கு, இவர் கழுத்தில சுத்திக்கொண்டு வந்த மான்செஸ்டர் ஸ்கார்ஃப்தான் உது."