ஒன்பது கெஜம்

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த அமிர்தராஜ் சாய்வு நாற்காலியில் உட்காரவில்லை. எதிரே நின்று அதையே பார்த்தார். காலையில் நடுவில் கிழிந்து தொங்கிய நாற்காலிக்கு இப்போது நீலத் துணி போட்டிருந்தது.

அது 1945. யுத்தத்தின் புண்ணியத்தில் கார்டுக்கு இத்தனை கெஜம் என்று துணியை அளந்து கொடுத்த காலம். அருப்புக்கோட்டையில் ஒரு கட்டுப்பாட்டுத் துணிக்கடைக்குப் பொறுப்பாளரே அமிர்தராஜ்தான். அந்த வாரம் கடைக்கு வந்திருந்த லோடும் நீலத் துணி.

"இது ஏது?"

"சாக்குங்க. சாயத்துல முக்கி எடுத்தேன்" என்றாள் அவர் மனைவி ஞானப்பூ, தானியக் குதிருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தபடி. சனிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் இந்த முறை தங்கள் வீட்டில்தான் என்றும், போதகரம்மா உட்கார்ந்து நாற்காலி கிழிந்தால் கோயில் பக்கமே தலைகாட்ட முடியாது என்றும் சொன்னாள்.

அமிர்தராஜ் துணியைக் கிள்ளிப் பார்த்தார். சாக்கு மாதிரிதான் இருந்தது. ஆனால் சாக்கு மாதிரி இருப்பதெல்லாம் சாக்குதானா? மேலும், நல்ல மனுஷிக்குக் குதிருக்குப் பின்னால் என்ன வேலை?

அவர் சுபாவம் அப்படி. வாழைப்பழம் வாங்கினால் தோலுக்குள் பழம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். கடையின் கெஜக்கோலைக்கூடக் கடையில் விட்டுவர மாட்டார். கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் பூமிநாதன் ஒரு நாள் அதன் முனையைச் சீவிவிட்டால்? ஆகவே இரு முனையிலும் பித்தளைப் பூண் போட்ட அந்தப் பழைய தேக்குக் கோலை, தினமும் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, துண்டை உருவிவிட்டு, யாரும் தேடாத இடமான குதிரின் பின்னால் சொருகி வைப்பார். காலையில் அந்த இருட்டுக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டு போவார்.

செவ்வாய்க்கிழமை கடை சாத்தும் நேரம் மீதித் துணியை அளந்தார். இரண்டு கெஜம் குறைந்தது.

மறுபடி அளந்தார். இரண்டு கெஜம்தான். அடுத்த திங்கட்கிழமை தாலுகா ஆபீஸிலிருந்து இருப்புச் சரிபார்க்க அதிகாரி வருகிறார். துணி குறைந்தால் வேலை போகும். யுத்த காலச் சட்டத்தில் ஜெயிலும் உண்டு.

அன்று முழுக்க அளந்தது பூமிநாதன். எனவே புதன்கிழமை கோலை அவனிடமிருந்து பிடுங்கி, தானே அளந்தார். சாயங்காலம் பார்த்தால் மொத்தக் குறை நாலு கெஜமாகியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்தால், சன்னலிலும் அடுப்படி வாசலிலும் நீலத் திரை. முற்றத்துக் கொடியில் நீலத் தலையணை உறைகள் வேறு காய்ந்துகொண்டிருந்தன. அமிர்தராஜ் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திருடர்கள் உஷாராகிவிடுவார்கள்.

வியாழக்கிழமை கடையில் என்றைக்கும் இல்லாத கூட்டம். பாளையம்பட்டிக்காரர்கள் தங்கள் ஊர்க் கடையை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்கள். செவ்வாய்க்கிழமை துணி வாங்கிப் போன எம்.ரெட்டியபட்டிப் பேச்சி, அக்கம்பக்கத்து வீட்டுக் கார்டுகளோடு மறுபடி வந்துவிட்டாள்.

"உங்க கடை ராசியான கடைய்யா. ரவிக்கை தைச்சது போக, பிள்ளைக்கு ஒரு குல்லாவும் வந்துச்சு" என்றாள்.

இவ்வளவு புகழ்கிறவள் சும்மா புகழ மாட்டாள் என்று அமிர்தராஜ் அவள் கூடையை இறக்கச் சொல்லிச் சோதித்தார். உள்ளே இரண்டு கத்தரிக்காய்தான் இருந்தது. அவர் கூடையைத் துழாவியபோது பூமிநாதன் சிரித்ததாகத் தோன்றவே, அவனுடைய துண்டையும் உதறச் சொன்னார். தூக்குச்சட்டியைத் திறந்து கஞ்சிக்குள் கரண்டி விட்டும் பார்த்தார்.

பூமிநாதன் முகம் சுண்டிப்போனது. "அண்ணாச்சி, கஞ்சிக்குள்ள யாராச்சும் துணிய ஒளிப்பாகளா? என்மேல நம்பிக்கை இல்லேன்னா நான் போறேன்" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

திருடன் தானாகவே ஒழிந்தான் என்று வெள்ளிக்கிழமை அமிர்தராஜ் நிம்மதியாகத் தனியாளாக வியாபாரம் பார்த்தார். தானே அளந்தார், தானே கிழித்தார், தானே மடித்தார். சாயங்காலம் மொத்தக் குறை ஒன்பது கெஜமாகியிருந்தது.

கடையில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. பூட்டு உடையவில்லை. சாவியோ வீட்டில் அவர் தலையணைக்கு அடியில் தூங்குகிறது. அந்த வீட்டில் இருக்கும் மற்றொரு ஆள் யார்?

சனிக்கிழமை கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, நாலு மணிக்கே கோலோடு வீட்டுக்கு வந்தார். ஐந்து மணிக்கு ஜெபக்கூட்டம். ஞானப்பூ பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

அமிர்தராஜ் நேராக நாற்காலியிடம் போய் அளந்தார். ஒன்றரை கெஜம். தலையணை உறைகள் இரண்டு கெஜம். பிறகு சன்னலுக்குப் போனார். வீடு கட்டும்போது அந்தச் சன்னல் சரியாக ஒரு கெஜ அகலம் என்று சொன்ன ஞாபகம். இப்போது அளந்தால் நாலு விரற்கடை குறைந்தது. கொத்தனார்மேலும் அவருக்குச் சந்தேகம் வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரைகளை அளந்தார். இரண்டும் சேர்ந்து ஐந்தரை.

விரல்விட்டுக் கூட்டினார். ஒன்பது.

"நேத்து வரைக்கும் கடையில எம்புட்டுக் குறைஞ்சுதோ அம்புட்டும் இங்க இருக்கு" என்றார். "போதகரம்மாவுக்குச் சன்னலை அலங்காரம் பண்ண என்னை ஜெயிலுக்கு அனுப்பிட்டியே, ஞானப்பூ."

ஞானப்பூ பாயைக் கீழே போட்டாள். கத்தரிக்கோலை எடுத்துவந்து, திரையின் அடி மடிப்புத் தையலைப் பிரித்து அவரிடம் காட்டினாள். மடிப்புக்குள் சாயம் ஏறாத இடம் வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் மெல்லிய வெள்ளிச் சரிகை.

"நம்ம கல்யாணத்துக்கு நான் கட்டிக்கிட்டு நின்ன வெள்ளைச் சேலை. பதினாறு வருஷமா பெட்டியில கிடந்துச்சு. ஒரு நாளாச்சும் நம்ம வீடும் வீடு மாதிரி இருக்கட்டும்னு சாயம் முக்கினேன். தலையணைக்கு உங்க கிழிஞ்ச வேட்டி. நாற்காலிக்குச் சாக்கு. உங்க கடையில ஒரு நூலு நான் எடுக்கல."

அழுதாள். அமிர்தராஜ் அந்தச் சரிகையைப் பார்த்தபடி நின்றார். கோயிலில் அதைக் கட்டிக்கொண்டு அவள் தலைகுனிந்து நின்றது அவருக்கு நன்றாக ஞாபகம் வந்தது. இந்த வாரத்தில் முதல் தடவையாக அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"தப்புதான். நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். கோலை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சாக்குத் துணி தாங்கியது. தையல் அவ்வளவு உறுதி.

அவளும் எடுக்கவில்லை, பூமிநாதனும் எடுக்கவில்லை. அப்படியானால் ஒன்பது கெஜம் எங்கே போயிற்று? திங்கட்கிழமை அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது?

அப்போது வாசலில் ஆசாரி பொன்னுச்சாமி வந்து நின்றார். நாற்காலிக்கு ஆட்டம் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். திரை மாட்ட அவர் செய்து கொடுத்த கம்பு சன்னலுக்கு எட்டவில்லை என்றும், ஆணி அடித்துத்தான் அதைத் தொங்கவிட வேண்டியதாயிற்று என்றும் ஞானப்பூ காலையில் சொல்லி ஆள் விட்டிருந்தாள்.

"என் அளவு தப்பாதே" என்று முணுமுணுத்தபடி உள்ளே வந்த பொன்னுச்சாமி, திரையை ஒதுக்கிச் சன்னலைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவரின் மடியைப் பார்த்தார். பிறகு மறுபடி சன்னலைப் பார்த்தார்.

"குதிருக்குப் பின்னால வச்சுட்டுப் போறேன்னு அம்மாகிட்ட திங்கக்கிழமையே சொன்னேனே, பழைய கட்டில் சட்டத்தை இழைச்சு, அய்யா கோலு மாதிரியே பூணும் போட்டு, நாலு விரக்கடை கூட வச்சு அறுத்த கம்பு அய்யா மடியிலல்லவா இருக்கு, சன்னல்ல தொங்குறது உங்க கெஜக்கோலு!"